துக்கம் கேட்க வந்து யோசனை சொல்லிப்போனவர்களுக்கு

அன்புள்ள பெரிய மாமா, சித்தப்பா, அத்தை, மச்சான், பேங்க்கிலிருந்து வந்த தம்பி, வேன் அனுப்பிய மனை புரோக்கர் ஐயா, இங்கே பெயர் விட்டுப்போன மற்ற எல்லோருக்கும்,

வருகிற ஆனியோடு அப்பா போய் இரண்டு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து பந்தல்காரர் கீற்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். நான் கொல்லையில் உட்கார்ந்து வாடகைப் பாத்திரங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு சாம்பார் வாளி குறைந்தது. பெரிய மாமா, அப்போதுதான் நீங்கள் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "அப்பா எவ்வளவு வெச்சிருக்காருன்னு பார்த்தியாம்மா?" என்று கேட்டீர்கள். கள்ளமாகக் கேட்கவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று இருட்டுவதற்குள் அந்தப் பணத்தை என்ன செய்யலாம் என்று ஐந்து பேர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு மாதத்தில் அது பதினொன்று ஆயிற்று. எண்ணிக்கையில் சந்தேகம் வேண்டாம். மார்க் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டுக் குறித்துவைத்திருக்கிறேன்.

அப்போது யாருக்கும் நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "பார்க்கலாம் மாமா", "அண்ணன்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று நழுவிக்கொண்டிருந்தேன். சிலர் அதைக் கர்வம் என்று எடுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது. கோபத்தில் எழுதவில்லை. சிலருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது. அத்தையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

முதலில் சித்தப்பா. "பாதிப் பணத்தை கவர்மெண்டு வரியா எடுத்துக்குவான், சீக்கிரம் எதுலயாவது போட்டுடு" என்றீர்கள். இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. அப்படி ஒரு வரி இருந்தது உண்மைதான், எஸ்டேட் டியூட்டி என்று பெயர். அதை 1985-லேயே எடுத்துவிட்டார்கள். அப்பா விட்டுப்போன பணம் பிள்ளைகள் கைக்கு வரும்போது வரி கிடையாது. அதற்குப் பிறகு அந்தப் பணம் சம்பாதிக்கிற வட்டிக்குத்தான் வரி. இதை எங்கள் ஊர் ஆடிட்டர் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு கால் மணி நேரத்தில் சொன்னார். இந்த இரண்டு வருடத்தில் நான் செய்த செலவுகளில் அதுபோல் உருப்படியானது வேறு இல்லை. அவர் எனக்கு எதையும் விற்கவில்லை. என்னிடம் வாங்கிய கூலியோடு அவர் கணக்கு முடிந்தது. அந்த வித்தியாசம் அப்போது எனக்கு உறைக்கவில்லை.

இன்னொரு குரலும் அந்தப் பந்தலில் கேட்டது. யாருடையது என்று எழுதப்போவதில்லை. "நாமினி அண்ணன் பேருதானே போட்டிருக்கு? பொம்பளப் பிள்ளைக்குக் கல்யாணத்துலயே எல்லாம் செஞ்சாச்சே." அண்ணன் அதைக் காதில் வாங்காதது மாதிரி எழுந்து போய்விட்டான். நான் அதைப் பிடித்துக்கொண்டு படித்தேன். அப்பாவுடையது எல்லாம் சொந்தச் சம்பாத்தியம், உயில் கிடையாது. 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் அண்ணனுக்கும் எனக்கும் சமபங்கு. நாமினி என்பவர் பணத்தைக் கையில் வாங்கி வாரிசுகளிடம் சேர்க்க வேண்டியவர், அவ்வளவுதான். வங்கி வைப்பு விஷயத்தில் 2010-லும், கம்பெனிப் பங்குகள் விஷயத்தில் 2023 டிசம்பரிலும் உச்ச நீதிமன்றமே இதைச் சொல்லியிருக்கிறது. அண்ணனிடம் இதையெல்லாம் பேச வேண்டியே வரவில்லை. இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றுக்கு எழுதிக்கொடுத்த அன்றே, "மூணு பங்கு, அவ்வளவுதான்" என்றான். எல்லா வீட்டிலும் இப்படி முடிவதில்லை என்று எனக்குத் தெரியும்.

மூன்று பங்கில் என்னுடையது 18 லட்சம். ஊரில் ஆளுக்கு ஒரு தொகை உலவுவதால் நானே சொல்லிவிடுகிறேன். 11 லட்சம் 2024 நவம்பரில் வந்தது, மீதி 7 லட்சம் மனை விற்ற பிறகு. இருபது வருடமாகத் தமிழ் நடத்துகிறேன். மாதம் பிறந்தால் சம்பளம் வரும், இருபதாம் தேதிக்குள் தீரும். அதைத் தாண்டிப் பணத்தைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. பாஸ்புக்கில் ஏழு இலக்கத்தைப் பார்த்தபோது சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. இதைத் தொலைத்துவிட்டால் அப்பாவை இன்னொரு தடவை தொலைத்த மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பயம். நீங்கள் எல்லோரும் வந்தது அந்தப் பயத்தின் நடுவில்தான். வந்த நேரம் அப்படி, உங்களைக் குற்றம் சொல்ல முடியாது.

பேங்க் தம்பி, உங்களை மறக்க முடியாது. அப்பாவின் டெபாசிட்டை முடித்து வாங்க இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றுமாக நான் கவுண்டரில் நின்றேன். கண்ணாடி அறைக்குள் கூப்பிட்டு உட்காரவைத்தீர்கள். ஏ.சி., இஞ்சி டீ, "சாரோட லாஸுக்கு ரொம்ப வருத்தம் மேடம்". அப்புறம் ஒரு வழவழப்பான தாள். வருடம் 1 லட்சம் வீதம் 10 வருடம் கட்டினால் போதும், பதினைந்தாவது வருடக் கடைசியில் 20 லட்சம் கையில். "போட்டது டபுள் மேடம், கேரண்டி, எஃப்.டி. மாதிரிதான்." டபுள் என்கிற சொல்லுக்கு என்னவோ ஒரு வசியம் இருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டேன். காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். என் மாணவிகளிடம் "படிக்காம எதுலயும் கையெழுத்துப் போடாதீங்கடி" என்று சொல்கிறவள் நான்.

பாலிசிப் பத்திரம் தபாலில் வந்த பிறகு அதை ஆசிரியர் அறையில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் கணக்கு சார் எட்டிப் பார்த்தார். விடைத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டுப் பதினைந்து வரிகள் எழுதினார். "டீச்சர், முதல் லட்சம் பதினஞ்சு வருஷம் அவங்ககிட்ட இருக்கு, பத்தாவது லட்சம் ஆறு வருஷம்தான் இருக்கு. அதனால டபுள்னு மொத்தமாச் சொல்லக் கூடாது. வட்டியாச் சொல்லணும்." ஒவ்வொரு வட்டியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டே வந்தார். 6 சதவீதத்துக்கு 18 லட்சத்து 70 ஆயிரம் வந்தது. 6.5-க்கு 19 லட்சத்து 69 ஆயிரம். ஆறரையைச் சற்றே தாண்டினால் 20 லட்சம். இந்த டபுள் எல்லாம் ஆறரை சொச்சம் சதவீத வட்டிதான். அதே வருடக் கணக்கில் அதே தொகையை அஞ்சலகத்தில் பி.பி.எஃப். கணக்கில் போட்டிருந்தால், அன்றைய 7.1 சதவீத வட்டி அப்படியே நீடிக்கும் என்று வைத்துக்கொண்டால், 20 லட்சத்து 95 ஆயிரம் ஆகியிருக்கும். அந்த வட்டியைக் காலாண்டுக்கு ஒரு தடவை அரசு மாற்றலாம் என்பதையும் சார் சொன்னார். ஆனால் பாலிசி மாதிரி, நடுவில் கைவிட்டால் கட்டியதில் ஒரு பகுதி போகிற கதை பி.பி.எஃப்.-இல் இல்லை.

பத்திரத்தின் உள்ளேயே ஒரு பத்தி இருந்தது. பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பத்தொன்பதாம் நாள் எழுதிக்கொடுத்தேன். முத்திரைக் கட்டணத்தையும் அந்தச் சில நாளுக்கான காப்பீட்டுச் செலவையும் கழித்துக்கொண்டு மீதி வந்தது. கடிதத்தைக் கொடுக்க வந்தபோது உங்களிடம் கேட்டேனே தம்பி, "இதுல உங்களுக்கு எவ்வளவு?" என்று. நீங்கள் ஏ.சி. ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கமிஷன் எனக்கு இல்ல மேடம், பிராஞ்ச்சுக்கு. எனக்கு டார்கெட்தான்" என்றீர்கள். உங்களுக்கு என் மூத்த மாணவர்களின் வயதுதான் இருக்கும். அந்த ஒரு வாக்கியம் உண்மையாக வந்தது. அதற்காகவே உங்கள் மேல் எனக்கு வருத்தம் போய்விட்டது.

அன்றிலிருந்து யார் யோசனை சொன்னாலும் இந்தக் கேள்வியை மனதுக்குள் கேட்டுக்கொண்டேன்: இதில் இவருக்கு எவ்வளவு? மார்க் நோட்டை எடுத்துப் பதினொரு யோசனைகளுக்கும் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டேன். பாலிசிக்குக் கமிஷன். மனைக்கு 2 சதவீதம். மியூச்சுவல் ஃபண்டிலும் ஒரே திட்டம் இரண்டு விதமாக விற்கிறது. நடுவில் விற்பவருக்கு வருடா வருடம் பங்கு போகிற ரெகுலர் ஒன்று, நாமே நேரடியாக வாங்குகிற டைரக்ட் ஒன்று. இந்த டைரக்ட் 2013 ஜனவரி முதல் இருக்கிறது, யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு சதவீதம்தானே வித்தியாசம் என்று தோன்றும். 10 லட்சத்தில் அது வருடம் 10,000 ரூபாய், நஷ்டமான வருடத்திலும் சேர்த்து.

கட்டத்தில் எதுவும் எழுத முடியாத யோசனை எது என்று தேடியபோதுதான், பதினொரு பேரும் சொல்லாமல் விட்ட ஒன்று கண்ணில் பட்டது. கடனை அடை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. உங்களுக்கு அது தெரியாமல் இல்லை. கடனை அடைப்பதில் யாருக்கும் எதுவும் கிடைக்காது. அதனால் அதைச் சொல்ல ஆளே இல்லை.

எனக்கு இரண்டு கடன் இருந்தது. ஒன்று ஊருக்குத் தெரியும், வீட்டுக் கடன். 11 லட்சம் பாக்கி, வட்டி 8.75 சதவீதம். இன்னொன்று தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு அவர் போட்ட வளையல்கள் நகைக்கடனில் இருந்தன, 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கு. மூன்று வருடமாக வட்டியை மட்டும் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். அப்பா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கவரிங் போட்டுக்கொண்டு போவேன். அவர் அஞ்சலகத்தில் நாற்பது வருடம் மணியார்டர் எண்ணின மனுஷன். கவரிங்கைக் கண்டுபிடிக்காமலா இருந்திருப்பார்? ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. டிசம்பரில் முதல் வேலையாகப் போய் மீட்டேன். கவரைப் பிரித்து எடை போட்டுக் காட்டி, தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள். பஸ்ஸில் வரும்போது போட்டுக்கொள்ளவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக் கடனில் 5 லட்சம் கட்டினேன். இதிலும் கணக்கு சார் பென்சில் எடுத்தார். 5 லட்சத்தை 7 சதவீத எஃப்.டி.யில் போட்டால் வருடத்துக்கு 35,000. என் வருமானத்துக்கு 20 சதவீத வரியும் அதன் மேல் செஸ்ஸும் போனால் 27,720 நிற்கும். அதையே கடனில் கட்டினால் முதல் வருடத்தில் மட்டும் 43,750 ரூபாய் வட்டி மிச்சம், அதற்கு வரியும் இல்லை. முன்னாடியே கட்டினால் அபராதம் போடுவார்கள் என்று பயந்தேன். தனி ஆள் வாங்கிய, வட்டி மாறிக்கொண்டிருக்கிற வீட்டுக் கடனுக்கு அப்படிப் போடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சொல்லிவிட்டதாம். இ.எம்.ஐ.யைக் குறைக்கவா, வருடத்தைக் குறைக்கவா என்று கேட்டார்கள். வருடத்தை என்றேன்.

இப்போது மனை புரோக்கர் ஐயா. வேன் அனுப்பிக் கூட்டிப்போனதற்கும், புளிசாதம் தயிர்சாதப் பொட்டலத்துக்கும் நன்றி. பொட்டலில் வெள்ளைக் கல் நட்டு, கொடி கட்டி, மைக்கில் பாட்டுப் போட்டிருந்தீர்கள். "உங்க அப்பா மாதிரி விவரமானவங்க மனையிலதான் போட்டாங்க" என்றீர்கள். அப்பா ஒரு மனை வாங்கிப்போட்டது வாஸ்தவம். 1994-ல் 1 லட்சத்து 20 ஆயிரம். 2025 மார்ச்சில் 21 லட்சத்துக்குப் போனது. பதினேழரை மடங்கு! உறவே அசந்து போயிற்று. சார் கணக்குப் பார்த்தார்: வருடத்துக்கு 10 சதவீதத்தை ஒட்டி. நல்ல வட்டிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மனையை விற்ற கதை எனக்குத்தானே தெரியும். ஆடி போகட்டும் என்று ஆகஸ்டில் சொல்லிவைத்தது, பங்குனியில்தான் முடிந்தது. பட்டா இன்னும் 1994-ல் விற்றவர் பெயரிலேயே இருந்தது. அவரும் போய்விட்டிருந்தார், அவர் பிள்ளைகள் மூன்று ஊரில். வில்லங்கச் சான்று, வி.ஏ.ஓ. ஆபீஸ், தாலுகா ஆபீஸ், வாங்க வந்தவர் வாஸ்து பார்த்து நின்றது, மறுபடி ஒருவர். அந்த ஏழு மாதத்தில் அம்மாவுக்கு அவசரமாக 2 லட்சம் தேவைப்பட்டிருந்தால் மனையில் ஒரு மூலையை மட்டும் வெட்டி விற்றிருக்க முடியாது. புதிதாக ஒன்று வாங்கியிருந்தால் பத்திரச் செலவே 9 சதவீதம், கையெழுத்துப் போட்ட அன்றே போயிருக்கும். எனக்கு இன்னொரு மனை வேண்டாம், ஐயா. பொட்டலச் சாப்பாடு மட்டும் நினைவில் இருக்கிறது, புளிசாதம் அருமை.

அத்தை, உங்கள் முறை. "பவுன் வாங்கிப் போடுடி, பொண்ணு இருக்கால்ல" என்றீர்கள். நான் பெரிய மேதாவி மாதிரி, செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜி.எஸ்.டி. என்று அடுக்கினேன். 2013 முதல் அஞ்சாறு வருடம் தங்கம் நின்ற இடத்திலேயே நின்றதைச் சொன்னேன். நீங்கள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அன்று 53,000 சொச்சம் இருந்த பவுன் ஒன்றரை வருடத்தில் லட்சத்தைத் தாண்டிவிட்டது. நீங்கள் ஜெயித்தீர்கள், நான் தோற்றேன். என் வாதம் தப்பு என்று இப்போதும் நினைக்கவில்லை, ஆனால் பலன் உங்கள் பக்கம். மீட்ட வளையலாவது கையில் இருக்கிறதே என்று தேற்றிக்கொள்கிறேன்.

மச்சான், நீங்கள் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டு, "ஆப்ஷன்ல தெனமும் ரெண்டாயிரம் எடுக்கலாம்" என்றீர்கள். பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபி 2024 செப்டம்பரில் ஓர் ஆய்வு வெளியிட்டது. ஆப்ஷனும் ஃபியூச்சரும் சேர்ந்த எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய தனிநபர்களில், மூன்று நிதியாண்டுகளை எடுத்துப் பார்த்ததில், நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1 லட்சத்து 80 ஆயிரம் கோடிக்கு மேல். குழுவிலிருந்து வெளியேறிவிட்டேன். நீங்களும் எத்தனை நாளில் எவ்வளவு எடுத்தீர்கள் என்று உங்கள் வீட்டில் நான் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

உங்கள் பதினொரு பேரையும்விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது அப்பாவின் டைரிதான். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த பழைய டைரி, சப்-போஸ்ட்மாஸ்டர் கையெழுத்து. ஒரு பக்கத்துக்கு ஒரு டெபாசிட், முதிர்வுத் தேதி சிவப்பு மையில். முதலில் எனக்கு அது கிறுக்குத்தனமாகப் பட்டது. எந்த வங்கியிலும் அவர் 90,000-க்கு மேல் போடவில்லை. ஒரு வங்கியில் 90,000, அடுத்ததில் 85,000, இன்னொன்றில் 80,000. எதற்கு இத்தனை பாஸ்புக் என்று அம்மா சண்டை போட்டிருக்கிறாள். திடீரென்று 2020-க்குப் பிறகு எல்லாம் மாறுகிறது. நான்கு வங்கி, ஒவ்வொன்றிலும் 4,50,000. ஏன் என்று புரிய எனக்கு நாலு மாதம் ஆயிற்று. வங்கி மூழ்கினால் டெபாசிட்டுக்குக் கிடைக்கிற காப்பீடு ஓர் ஆளுக்கு ஒரு வங்கியில் 1 லட்சம் என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம். அசலும் வட்டியும் சேர்ந்துதான் அந்த 5 லட்சம் என்பதால், வட்டி வளர இடம் விட்டு நாலரையில் நிறுத்தியிருக்கிறார். யாரிடமும் இதைச் சொன்னதில்லை. மீதியெல்லாம் அஞ்சலகத்தில். அங்கே அரசே பொறுப்பு என்பதால் அவருக்குக் கவலை இல்லை.

டைரியின் நடுவில் ஒரு பக்கம் குறுக்காக அடிக்கப்பட்டிருந்தது. "தேக்கு – 12,000" என்று இருந்தது. பக்கத்தில் ஒரே சொல்: "போச்சு." தொண்ணூறுகளில் தேக்கு மரம் நட்டுப் பணம் பெருக்கித் தருகிறோம் என்று கிளம்பிய கம்பெனிகளின் விளம்பரம் எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. தேக்குக்குப் பிறகு ஈமு கோழி, 2012-ல் பெருந்துறைப் பக்கம் பறவைகள் தீனியில்லாமல் நின்றன. ஈமுவுக்கும் முன்பே, ஏமாந்தவர்களுக்காக இந்த மாநிலத்தில் 1997-ல் தனிச் சட்டமே போட வேண்டி வந்திருந்தது. ஆனால் அந்த வரிசையில் அப்பாவும் நின்றார் என்று நான் நினைத்ததே இல்லை. எங்களிடம் அவர் எப்போதும் விவரமானவர். அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கையெழுத்துப் போட்ட பாலிசியைப் பற்றி வெட்கப்படுவதை அன்றோடு விட்டேன்.

ஆனால் அப்பா செய்ததையே நானும் செய்ய முடியாது என்றும் புரிந்தது. அவருக்குப் பென்ஷன் இருந்தது. எழுபத்திரண்டு வயதில் டெபாசிட்டே போதும். எனக்கு 44. வட்டியில் வரியும் போய், விலைவாசியும் ஏறினால் எஃப்.டி. நகர்ந்ததாகத் தெரியாது. பத்துப் பதினைந்து வருடம் தொடத் தேவையில்லாத ஒரு சின்னப் பகுதியையாவது பங்குச் சந்தையில் போடலாம் என்று ஒரு முடிவுக்கு வந்தேன். எந்தக் கம்பெனியை வாங்குவது என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. நிஃப்டியில் இருக்கிற 50 கம்பெனிகளையும் அதே விகிதத்தில் வாங்கிப்போடுகிற இண்டெக்ஸ் ஃபண்டு போதும் என்று ஆயிற்று. அதில் கெட்டிக்காரர் யாரும் தேவையில்லை, அதனால் செலவும் குறைவு. 1995 நவம்பரில் 1,000 என்று கணக்கு வைத்துத் தொடங்கிய நிஃப்டி 2024 செப்டம்பரில் 26,000-ஐத் தாண்டியது. உச்சியைக் காட்டிக் கணக்குச் சொல்வது புரோக்கர் ஐயா செய்கிற வேலை, நானும் செய்துவிட்டேன். அதனால் இதையும் சேர்த்துச் சொல்கிறேன்: 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே வருட அக்டோபரில் 8,000-க்கும் கீழே போய்வந்தது.

மொத்தமாகப் போடத் துணிவில்லை. 2025 ஜனவரியிலிருந்து மாதம் 20,000, பதினெட்டு மாதம், 3 லட்சத்து 60 ஆயிரம். மொத்தமாகப் போடுவதே லாபம் என்று கணக்குத் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இருக்கலாம். எனக்கு ராத்திரித் தூக்கமும் கணக்கில் உண்டு. இரண்டு தவணை போட்டிருந்தேன். மார்ச் முதல் வாரத்தில் ஃபோனில் பார்த்தால் 40,000 போட்டது 37,500 சொச்சமாக நிற்கிறது. சிவப்பு எழுத்தில். ஆறாம் வகுப்புக்குத் திணை பால் எண் நடத்திக்கொண்டிருக்கும்போது மனசு ஃபோனிலேயே இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மறுபடி பார்த்தேன். சாயங்காலம் மறுபடி. கணக்கு சாரிடம் சொன்னேன். "அந்த ஆப்பை அழிச்சிடுங்க டீச்சர், பணம் அழியாது" என்றார். அழித்தேன். தவணை அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கடைசித் தவணை வருகிற ஜூனில்.

மீதி எங்கே என்று பெரிய மாமா கேட்பீர்கள். 3 லட்சம் ஆறு மாத வீட்டுச் செலவுக்காக எஃப்.டி.யில், எனக்கோ என் வீட்டுக்காரருக்கோ உடம்புக்கு ஏதாவது வந்தால் எடுக்கிற மாதிரி. பெண்ணுக்குக் கல்லூரிக்காக இரண்டரை லட்சம், அதுவும் எஃப்.டி.தான். இரண்டு மூன்று வருடத்தில் வேண்டிய பணத்தைச் சந்தைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது என்பதில் நான் பிடிவாதம். ஒன்றரை லட்சம் பி.பி.எஃப். அவ்வளவுதான் மாமா. 18 லட்சம் என்றதும் ஊரே என்னென்னவோ கற்பனை பண்ணியது. கூட்டிப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் கீழே கடனுக்கும் வளையலுக்கும் போய்விட்டது.

அம்மாவின் பங்கைப் பற்றியும் சிலர் கவலைப்பட்டீர்கள், "அந்தம்மாவுக்கு என்ன தெரியும்" என்று. அம்மாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. 2025 ஏப்ரலில் என்னையும் அண்ணனையும் கூட்டிக்கொண்டு அப்பா வேலை பார்த்த அதே அஞ்சலகத்துக்குப் போய் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 18 லட்சத்தையும் போட்டாள். ஐந்து வருடத்துக்கு 8.2 சதவீதம், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை 36,900 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. நாமினி இடத்தில் யார் பெயர் என்று கவுண்டரில் கேட்டார்கள். "ரெண்டு பேரும்" என்றாள். அப்புறம் அண்ணனிடம் திரும்பி, வீட்டுக்கு வந்ததும் உயில் எழுத ஒரு வக்கீலைப் பார்க்கச் சொன்னாள். அப்பா செய்யாமல் விட்ட வேலை அது ஒன்றுதான்.

அன்று அந்தக் கவுண்டருக்கு முன்னால் இருக்கிற மரப் பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும், கையில் பிளாஸ்டிக் கவரில் இறப்புச் சான்று. பக்கத்தில் ஒருவர் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார், அவள் தலையாட்டிக்கொண்டிருந்தாள். எழுந்து போய், "ஒரு ஆறு மாசம் ஒண்ணும் செய்யாதம்மா, சும்மா டெபாசிட்லயே கிடக்கட்டும்" என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் நான் பன்னிரண்டாவது ஆள் ஆகிவிடுவேன் என்று தோன்றி உட்கார்ந்துவிட்டேன். சொல்லியிருக்கலாமோ என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் அப்பாவுக்கு இரண்டாம் வருடத் திதி. எல்லோரும் வர வேண்டும், மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல். வாழைக்காய் பொடிமாஸும் அவருக்குப் பிடித்த பருப்பு உருண்டைக் குழம்பும் உண்டு. அந்தச் சாம்பார் வாளி மட்டும் யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள். பாத்திரக் கடைக்காரருக்கு அதற்காக 350 ரூபாய் கட்டியிருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்
மயிலாடுதுறை